பகல் பதினொரு மணி வெளிச்சம்

மனித குலத்தை இருளிலிருந்து மீட்கப்போவது டீசலுமல்ல, நிலக்கரியுமல்ல. ஓடுகிற தண்ணீரே என்று எண்பதாம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வீரசிங்கம் எழுதினார். தோட்டத்து நீர்மின் நிலையத் திறப்பு விழா வரவேற்புரைக்காக எழுதியது. எழுதும்போது ஓடையில் தண்ணீர் ஓடவில்லை.

ஓடை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. டிசம்பர் அடைமழையில் அதை அளந்து, அந்த அளவை நம்பித்தான் டர்பைனை இறக்கியிருந்தார்கள். ஆகஸ்டில் அது சணல் கயிறாக இளைத்துக் கிடந்தது. ஆனால் கொழும்பு எரிசக்தி டைரக்டருக்கு அந்த மாதம்தான் தோதுப்பட்டது. சோதிடரும் புதன்கிழமை பகல் பதினொரு மணியை நல்ல நேரமாகக் குறித்துக் கொடுத்துவிட்டார்.

வீரசிங்கம் அசரவில்லை. ஐந்து நாள் முன்னதாகவே அணை மதகை இறுக்கி மூடச் சொன்னார். அணையில் தண்ணீர் சேர்ந்தது. தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்துப் பீலி நின்றுபோனது. நாற்பது குடும்பம் குடிப்பதும் குளிப்பதும் அந்த ஒரு குழாயில்தான்.

மூன்றாம் நாள், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், கொழுந்து பறிக்கும் தனலெட்சுமி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"கிளாக்கரய்யா, மக பெத்து நாலு நாளாச்சுங்க. பச்சப் புள்ளையக் கழுவத் தண்ணி இல்ல. கொஞ்சம் தொறந்து விடச் சொல்லுங்க."

"புதன்கிழம வரைக்கும் பொறுக்க முடியாதா? லயத்துக்கெல்லாம் லைட்டு வரப்போகுது."

"லைட்ட போட்டு எதைங்க பாக்குறது, அழுக்கையா?"

பின்னால் கொழுந்துக் கூடைகள் குலுங்கிச் சிரித்தன. வீரசிங்கத்துக்குக் காது சுட்டது. படிக்காத சனத்திடம் விஞ்ஞானம் பேசியது தன் தப்பு என்று நினைத்துக்கொண்டார். லயத்துக்கு ஒரு முழக் கம்பிகூட வாங்கவில்லை என்பதை அவர் நினைக்கவில்லை. முதலில் ஃபெக்டரி, அப்புறம் துரை பங்களா, பிறகு அவருடைய குவாட்டர்ஸ். லயம் இரண்டாம் கட்டம். முதல் கட்டத்தோடு காசு தீர்ந்திருந்தது.

புதன்கிழமை வெயில் கண்ணைப் பறித்தது. ஃபெக்டரி வாசலில் பந்தல், பந்தலில் ஒரே ஒரு பல்பு. நல்ல நேரத்தில் டைரக்டர் சுவிட்சைத் தட்டினார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"எரியுதா?" என்று துரை மெதுவாகக் கேட்டார்.

வாட்ச்சர் மாடசாமி ஏணியில் ஏறிப் பல்பைத் தொட்டான். "சுடுதுங்கய்யா!" என்று விரலை உதறினான். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

வரவேற்புரை இரண்டாம் பக்கத்தைத் தாண்டும்போது அணை காலியானது. பல்பு அணைந்தது அந்த வெயிலில் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் பக்கத்தில் டைரக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பண்டாரவளையில் சாப்பிட்ட இறால் அவரை ஆபீஸ் கக்கூஸுக்கு விரட்டியது. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மிஸ்டர் வீரசிங்கம், குழாயில தண்ணி வரல்ல."

அந்தக் குழாய்க்கும் அதே அணைத் தண்ணீர்தான்.

வீரசிங்கம் வெளியே ஓடி வந்தார். ரோட்டில் தனலெட்சுமி வந்துகொண்டிருந்தாள். இரண்டு மைல் தள்ளி ஊற்றில் சுரண்டி எடுத்த ஒரு குடம் அவள் இடுப்பில் இருந்தது.

"அதைக் கொடு."

"புள்ளைக்குங்கய்யா. உடம்பெல்லாம் கொப்புளம் போட்டிருச்சு."

"உன் புருசனுக்கு நாளைக்கு வாட்ச்சர் வேல வேணுமா, வேணாமா?"

அவள் ஏணியடியில் நின்ற மாடசாமியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வீரசிங்கம் குடத்தைப் பிடுங்கி, வேட்டி நனைய, தாமே தூக்கிப் போய்க் கதவிடுக்கில் நீட்டினார். நாட்டின் எதிர்காலத்தைச் சுமக்கிற மாதிரிதான் நடந்தார்.

உள்ளே ஊற்றுகிற சத்தம் கேட்டது. காலிக் குடம் வெளியே வந்தது.

ஒரு குடம் போதவில்லை.