டிக்பேயின் வயிற்றில் பட்ட பந்து

யோபுகோன் பேட்டையில் இரண்டு தெருக்களுக்கு இடையே நடக்கும் பந்தாட்டத்துக்கு யோபுகோன்காரர் யாரும் நடுவராக இருக்கக் கூடாது என்று இரண்டு தெருக்காரர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த வருஷம் அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். முதலில் பேசி வைத்திருந்த ஆள் டயர் கடைத் தெருவுக்கு மச்சான் முறை என்று மசூதித் தெரு தட்டிவிட்டது. இரண்டாவது ஆள் தன் கல்யாணச் சட்டையை மசூதித் தெருத் தையற்காரரிடம்தான் தைத்தார் என்று டயர் கடைத் தெரு கண்டுபிடித்தது. கடைசியில் போட்டிக் குழுவின் தலைவியான ஒடேத் யாரையும் கேட்காமல் தானே ஒரு முடிவெடுத்தாள். ஒடேத் அச்சேக்கே விற்பவள். மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் புளிக்கவைத்து அவித்த அந்தச் சோற்றை வாங்க வாரம் ஒருமுறை கடலோரத்து கிராண்ட்-பாசாமுக்குப் போவாள். அங்கே பழக்கமான அகுபா மெலானைத்தான் நடுவராகப் பிடித்தாள்.

"தங்கச்சி, சனிக்கிழமை காலைல வந்துரு. ஒன்பது மணிக்கு ஆட்டம்," என்றாள் போனில். "ரெண்டு தெருவும் உன்னைத் திட்டும். பயந்துராத."

"எதுக்குக்கா திட்டுவாங்க?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க."

அகுபா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. விசிலைக் கையில் எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் கடந்த இரண்டு மாதமாக அதை மேசை டிராயரில் போட்டுப் பூட்டி வைத்திருந்தாள். பாசாமில் நடந்த ஒரு பெண்கள் லீக் ஆட்டத்தில் ஆஃப்சைடில் அடித்த கோலை அவள் கொடுத்துவிட்டாள். கொடுத்த அரை நிமிஷத்திலேயே தப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நடுவர் ஒருநாளும் பின்வாங்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ அதைப் படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். அவளிடம் படிக்கும் பிள்ளைகளே வகுப்பில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நடுவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்த நேரத்தில்தான் ஒடேத்தின் போன் வந்தது. அது லீக் ஆட்டம் இல்லை, மரக்கானா. சின்ன கோல், கீப்பர் கிடையாது, பக்கத்துக்கு ஐந்து பேர், எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். தெருவில் ஆடும் ஆட்டம்தானே, போய்விட்டு வரலாம் என்று கிளம்பினாள்.

மினிபஸ்ஸை விட்டு இறங்கி, சலூன் வாசலில் நின்று வழி கேட்டாள். ரொட்டிக் கூடைக்காரி இடது பக்கம் கை காட்டினாள். சிம் கார்டு விற்கிறவன் வலது பக்கம் காட்டினான். கத்தியோடு வெளியே வந்த நாவிதர், "ரெண்டு பேரும் இந்த ஊருக்குப் புதுசா? நேரா போகணும்," என்றார். மூவரும் நடுரோட்டில் நின்று வாதாடினார்கள். பிறகு மூவருமே அவளோடு கிளம்பிவிட்டார்கள். பாதி முகம் மழித்த நிலையில் நாற்காலியில் இருந்தவரும் நுரையைத் துடைக்காமலே பின்னால் வந்தார்.

"நீங்க எங்கண்ணே வர்றீங்க?" என்று கேட்டாள் அகுபா.

"ஆட்டம் பார்க்கத்தான். மீதிப் பாதியை ஹாஃப் டைம்ல மழிச்சுக்குவேன்."

விடியற்காலையில் மழை பெய்திருந்தது. தெருவின் செம்மண் ஊறிக் கிடந்தது. பழைய டயர்களை அடுக்கி எல்லை கட்டியிருந்தார்கள். மொட்டைமாடிகள், சுவர்கள், நிறுத்தி வைத்த லாரியின் கூரை என்று உட்காரக்கூடிய இடமெல்லாம் ஆட்கள். பரிசான செம்மறிக்கிடா கழுத்தில் ரிப்பனோடு ஒடேத்தின் மேசைக் காலில் கட்டுண்டு முட்டைக்கோஸ் இலை தின்றுகொண்டிருந்தது. சாப்பாட்டுக் கடைக்காரன் ஒலிபெருக்கியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்திருந்தான். அந்தப் பாட்டையும் தாண்டிப் பேச வேண்டும் என்பதால் அந்தத் தெருவில் யாருமே மெதுவாகப் பேசிப் பழகவில்லை.

டயர் கடைத் தெருவின் கேப்டன் டிக்பே நூற்றுப்பத்து கிலோ இருப்பார். தூய வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அகுபாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் ரெஃப்ரியா? பாசாம்ல எல்லாரும் மீன்தானே பிடிப்பாங்க. பந்து பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன். பெரிய மீன் வந்தா எங்க ஊர்ல எடை போட்டுத்தான் கரையேத்துவோம். உங்களை எடை போட்டுரலாமா?"

லாரிக் கூரை அதிர்ந்தது. டிக்பேதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மசூதித் தெருக் கேப்டன் லான்சினே, கழியைப் போல மெலிந்த தையற்காரர், அருகில் வந்து மரியாதையாகத் தலை குனிந்தார். "தங்கச்சி, தராசு தேவைன்னா சொல்லுங்க. லாரிக்கு எடை போடுற இடம் எனக்குத் தெரியும்," என்றார்.

ஆட்டம் தொடங்கியதும் அகுபாவுக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான். டிக்பே இடத்தை விட்டு நகரவே இல்லை, நகரத் தேவையும் இருக்கவில்லை. பந்து அவரைத் தேடி வந்தது. கணுக்காலால் ஒரு தட்டு தட்டினால் அது போக வேண்டிய காலுக்குப் போனது. லான்சினே ஊசியில் நூல் கோர்ப்பதைப் போலச் சந்துகளில் புகுந்தார். ஹாஃப் டைமில் ஒன்றுக்கு ஒன்று. முடிய மூன்று நிமிஷம் இருக்கையில் இரண்டுக்கு இரண்டு.

அப்போதுதான் லான்சினே கோலுக்கு மிக அருகில் ஓங்கி உதைத்தார். பந்து டிக்பேயின் மேல் மோதி வெளியே தெறித்தது. டிக்பேயின் முதுகுக்குப் பின்னால் இருந்த அகுபாவின் கண்ணுக்கு முழங்கை அசைந்தது தெரிந்தது. விசில் அடித்தாள். கையில் பட்டது, பெனால்டி! நடுக்கோட்டிலிருந்து காலியான கோலுக்கு ஓர் உதை.

டயர் கடைத் தெரு மொத்தமும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது.

"ரெஃப்ரியம்மா, கண் டாக்டர் அடுத்த தெருதான். நடக்க வேண்டாம், நாங்களே தூக்கிட்டுப் போறோம்!"

"தையக்காரன் கவுன் தைச்சுத் தர்றேன்னு சொல்லியிருப்பான்!"

"அவங்களுக்குத் தைச்சுத் தர்றேன்," என்றார் லான்சினே. "டிக்பேக்கு மட்டும் முடியாது. அவ்வளவு துணி எந்தக் கடையிலயும் இல்ல."

 பாசாமிலும் அகுபாவை இப்படித்தான் சூழ்ந்தார்கள். ஆனால் அங்கே யாரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இங்கே எல்லாரும் அவள் கண்ணை நேராகப் பார்த்துத்தான் கத்தினார்கள். மூக்கருகே வந்து கத்திய ஒரு பெண் நடுவில் நிறுத்தி, இடுப்பிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாக்கெட்டை எடுத்து, மூலையைக் கடித்துக் கிழித்து அவளிடம் நீட்டினாள். "முதல்ல குடி. தொண்டை காஞ்சுபோய் நிக்கிற. குடிச்சிட்டு பதில் சொல்லு." அவள் குடித்து முடிக்கும்வரை அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அந்த நேரத்தில் தெருமுனையில் ஹாரன்கள் அலறின. ரிப்பன் கட்டிய கார்கள் வரிசையாக வந்து நின்றன. மேயர் அலுவலகத்துக்குப் போகும் கல்யாண ஊர்வலம். இவ்வளவு நேரம் ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளியவர்கள் சட்டென்று இரண்டு பக்கமும் ஓடி தெருவுக்கொரு கோலைத் தூக்கி ஓரம் வைத்தார்கள், டயர்களை உருட்டினார்கள். முதல் காரின் கண்ணாடி இறங்கியது. மணப்பெண் பிரிஸ்கா முக்காட்டோடு தலையை வெளியே நீட்டினாள். டிக்பேயின் அக்கா மகள் அவள்.

"யாரு ஜெயிக்கிறா?"

"ரெண்டுக்கு ரெண்டு! உன் மாமா பந்தைக் கையால அடிச்சுட்டாரு!"

"பிரிஸ்கா, போலாம்மா. மேயர் காத்திருக்காரு," என்று உள்ளேயிருந்து மாப்பிள்ளை கெஞ்சினார்.

"இருங்க, மாமா விஷயம். மாமா, கையைக் காட்டுங்க."

டிக்பே பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல இரண்டு கைகளையும் நீட்டினார்.

"கைல ஒரு துளி சேறு இல்ல. சட்டையைப் பாருங்க, வயித்துல முத்திரை குத்தியிருக்கு! ஏன் மாமா, அந்த வயித்தைத் தாண்டி எந்தப் பந்து உங்க கைக்கு வரப்போகுது?"

தெருவே வெடித்துச் சிரித்தது. கார் நகர்ந்தது. கடைசிக் காரும் போகும்வரை எல்லாரும் கை தட்டி அனுப்பிவைத்தார்கள். கோல்களைப் பழைய இடத்தில் வைத்தார்கள். பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல், நின்ற இடங்களுக்கே திரும்பி வந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

அகுபா பந்தை எடுத்துக்கொண்டு டிக்பேயிடம் போனாள். "சட்டையை நல்லா விரிங்கண்ணே."

வெள்ளைத் துணியில் செம்மண் வட்டம் பளிச்சென்று இருந்தது. பந்தின் தையல்கூடப் பதிந்திருந்தது. பந்தை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு கைகளைத் திருப்பிப் பார்த்தாள், முழங்கை வரைக்கும். ஆட்டம் இன்னும் மறுபடி தொடங்கவில்லை. தொடங்காதவரை தீர்ப்பை மாற்ற நடுவருக்கு உரிமை உண்டு. அது பாசாமிலும் அவளுக்குத் தெரிந்த விதிதான். அன்றைக்கு வாய் வரவில்லை.

"எல்லாரும் கேளுங்க," என்றாள். பாட்டில் குரல் அமுங்கியது. சாப்பாட்டுக் கடைக்காரன் தானாகவே பாட்டை நிறுத்தினான். "கை அசைஞ்சதை நான் பார்த்தேன். பந்து எங்க பட்டுச்சுன்னு பார்க்கல. பார்க்காததுக்கு விசில் அடிச்சுட்டேன். தப்பு என்னோடது. பெனால்டி கிடையாது."

 அப்புறம் மசூதித் தெரு முழுக்க மைதானத்துக்குள் இறங்கியது. "மணப்பெண்ணு சொன்னா தீர்ப்பு மாறுமா? எங்க தெருவுலயும் நாலு பொண்ணுங்க கல்யாணத்துக்கு ரெடியா இருக்கு, கூட்டிட்டு வரவா?"

லான்சினே அவர்களை விலக்கிக்கொண்டு வந்து அகுபாவின் எதிரே நின்றார். 

"எனக்கும் வயித்துல பட்ட மாதிரிதான் தெரிஞ்சுது," என்றார் அவர் மெதுவாக.

"அப்புறம் ஏண்ணே சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

அவருடைய ஆட்களே தலையில் அடித்துக்கொண்டார்கள். "கேப்டனாய்யா நீ? உன்னை வச்சிக்கிட்டு ஒரு சட்டைப் பொத்தான்கூட ஜெயிக்க முடியாது!" என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் சிரிப்பை அடக்க முடியாமல் டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் யாராலும் கோபமாக இருக்க முடியவில்லை. லாரிக் கூரைமேலிருந்து யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். மாடிகளும் தட்டின. அது தனக்குத்தான் என்று அகுபாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பந்தைக் கீழே போட்டு விசில் அடித்தாள்.

மீதி மூன்று நிமிஷத்தில் கோல் விழவில்லை. நடுக்கோட்டிலிருந்து ஆளுக்கொரு உதை என்று முடிவானது. நான்கு உதைகள்வரை சமம். கடைசியாக லான்சினே உருட்டிவிட்ட பந்து சோம்பேறியைப் போல ஊர்ந்து உள்ளே போனது. டிக்பே ஏழடி பின்வாங்கி, ஓடி வந்து உதைத்தார். பந்து கோலுக்கு ஒரு கஜம் தள்ளிப் பறந்து ஒடேத்தின் மேசைக்குக் கீழே புகுந்தது. கிடா மிரண்டு துள்ளியது.

"கோல் சின்னதுய்யா!" என்று மண்ணில் உட்கார்ந்தபடி கத்தினார் டிக்பே.

"வயித்தால அடிச்சிருக்கணும்ணே!"

மசூதித் தெருவினர் கிடாவை முறைப்படி அறுத்தார்கள். மதியம் இரண்டு மணிக்குத் தெரு நடுவில் நீள மேசை போட்டாயிற்று. தோற்றவர்களைத்தான் முதலில் உட்கார வைத்தார்கள். "டிக்பே எதிர்ல உக்காந்து பார்த்தாத்தான் எனக்குக் கறி இறங்கும்," என்றார் லான்சினே, நல்ல துண்டாகப் பார்த்து டிக்பேயின் தட்டில் வைத்தபடியே. அகுபாவுக்கு இரண்டு தெருவும் இடம் பிடித்து வைத்திருந்தன. எங்கே உட்கார்ந்தாலும் சண்டை வரும் என்பதால் மேசையின் தலைமாட்டில் ஒடேத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இவ்வளவு திட்டினாங்களேக்கா, யாருமே மனசுல வச்சுக்கலையா?" என்று கேட்டாள்.

ஒடேத் அச்சேக்கேயை அவள் தட்டில் குவித்தாள். "எங்க வைக்கிறது? என் வீட்டை வந்து பாரு. ரெண்டு ரூமு, ஏழு பேரு, மூணு அண்டா. இதுல கோபத்துக்கு வேற இடம் ஒதுக்கினா நான் எங்க படுக்கிறது? சாப்பிடு. மிளகாய் போதுமா?"

அகுபா சாப்பிட்டாள். சுற்றிப் பார்த்தாள். நாவிதர் இன்னமும் கத்தியும் கையுமாக இருந்தார். மீதிப் பாதி முகம் இன்னும் மழிக்கப்படவில்லை, அதைப் பற்றி அந்த மனிதருக்குக் கவலையும் இல்லை. தண்ணீர்ப் பாக்கெட் கொடுத்த பெண் தூரத்திலிருந்து கை காட்டி, "என்ன இருந்தாலும் நீ பந்துக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்துல ஓடியிருக்கணும்!" என்றாள். அகுபா சிரித்துத் தலையாட்டினாள். அது உண்மைதான். தன்னை இப்படி ஒருவர் திருத்தி, தனக்கு வலிக்காமல் போனது அதுவே முதல் தடவை என்று நினைத்துக்கொண்டாள். இந்த ஊரின் சத்தத்துக்குள் இப்படி ஒரு தாராளம் இருக்கும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

நான்கு மணிக்குக் கல்யாணக் கூட்டம் திரும்பி வந்தது. பாட்டு இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. பிரிஸ்கா காரிலிருந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "யாரு ஜெயிச்சா?" பதில் கேட்டதும் இடுப்பில் கை வைத்தாள். "ஆம்பளைங்க ஆடினது போதும். பொம்பளைங்க ஆடுவோம். பத்தே நிமிஷம்."

"கல்யாண டிரஸ்ஸும்மா அது!" என்றார் மாப்பிள்ளை.

"கையெழுத்துப் போட்டாச்சுல்ல? இனிமே சேறானா என்ன?"

கவுனைச் சுருட்டி முடிந்துகொண்டு, யாருடைய ரப்பர் செருப்பையோ மாட்டிக்கொண்டாள். அகுபா விசிலை எடுக்கப் போனாள். ஒடேத் அவள் கையைப் பிடித்தாள். "நீ ஆடு. விசில் டிக்பே அடிக்கட்டும். உக்காந்தே அடிக்கலாம்."

அகுபா டயர் கடைத் தெருப் பக்கம், பிரிஸ்கா மசூதித் தெருப் பக்கம். சொந்த மாமனைத் தோற்கடிக்கத்தான் அந்தப் பக்கம் என்றாள். மூன்றாவது நிமிஷம் அகுபா பந்தை நேர்த்தியாகப் பறித்தாள். பிரிஸ்கா தானாகவே சறுக்கி விழுந்தாள். டிக்பே நாற்காலியிலிருந்தபடி நீளமாக விசில் அடித்து, அகுபாவை நோக்கிக் கை நீட்டினார். ஃபவுல்.

அகுபா அப்படியே நின்றாள். விசில் பிடித்த இந்த ஆறு வருஷத்தில் எந்த நடுவரையும் எதிர்த்து அவள் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

"ஃபவுலா?" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நாற்காலியை நோக்கி ஓடினாள். "எதுண்ணே ஃபவுல்? பந்தைத்தான் தொட்டேன்! மருமக விழுந்தா கல்யாணப் பரிசா ஃபவுல் குடுப்பீங்களா? எந்திரிச்சு நின்னு பாருங்கண்ணே! அட, எந்திரிங்க முதல்ல!"

"ரெஃப்ரி பின்வாங்க மாட்டாரு!" என்றார் டிக்பே, கம்பீரமாக.

"நாற்காலியில மாட்டிக்கிட்டாரு, அதான் பின்வாங்க முடியல!" என்று கத்தினாள் அகுபா. லாரிக் கூரை, மாடிகள், மேசையின் இரண்டு பக்கமும் ஆரவாரித்தன. தண்ணீர்ப் பாக்கெட்காரி இன்னொரு பாக்கெட்டைக் கடித்துக் கிழித்துக்கொண்டே அவளிடம் ஓடி வந்தாள்.