தொண்ணூற்று நான்கு விநாடி ரயில்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, திருடினேன். திருடிய இடம் என் தங்கையின் கைப்பை. பொருள் ஒரே ஒரு தாள்: அரசுத் தொலைக்காட்சியின் ஒரு வார மாலை நிகழ்ச்சி நிரல், ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை கட்டம் கட்டமாக. திங்கள், விவசாயிகளோடு அரை மணி நேரம். செவ்வாய், உங்கள் கடிதங்களுக்கு மருத்துவர் பதில். இப்படியே ஞாயிறு வரை. இதில் கதை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். தாளில் சில நாட்களுக்கு எதிரே, எட்டு மணிச் செய்திக்குச் சற்று மேலே, பச்சை மையில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன. அந்தப் புள்ளிகள்தான் கதை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மாலை வெயில் ஜன்னல் வழியே நுழைந்து அப்பாவின் காலடியில்

(வெயிலில் தொடங்கும் கதைகளை நானே இரண்டாம் வரியில் மூடிவைத்துவிடுவேன். உங்களை எந்த முகத்தோடு படிக்கச் சொல்வது?)

பிறகு இப்படி: அவள் விநாடிகளை வைத்துப் பிழைப்பவள்.

இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொண்டு போகலாம்.

2

தங்கைக்கு அலுவலகத்தில் பெயரே ‘விநாடி’தான். நிகழ்ச்சிகளின் நீளத்தைக் கூட்டிக் கழித்து மாலை முழுவதையும் அடுக்குவது அவள் வேலை. நாட்டிய நிகழ்ச்சி எட்டு மணிக்கு ஒன்றரை நிமிடம் முன்பே முடிந்துவிட்டால், அந்த இடைவெளியில் ஏதாவது ஓடவேண்டும். அதற்கென்று குட்டிப் படங்கள் வைத்திருக்கிறார்கள். மேகம் போகும், வாத்து நீந்தும், அலை வந்து திரும்பும். பெயர் ஃபில்லர். யாரும் அதைப் பார்ப்பதில்லை; அந்த நேரத்தில்தான் வீடுகளில் தண்ணீர் குடிக்க எழுந்து போவார்கள்.*

அவற்றில் ஒன்று சரக்கு ரயில். கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி எடுத்தது. எஞ்சின் வருகிறது, பெட்டிகள் போகின்றன, கடைசிப் பெட்டியின் பின்னால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். தொண்ணூற்று நான்கு விநாடி.

*நானும் எழுந்து போகிறவன்தான். மறைப்பானேன்.

3

இந்த இடத்தில் அண்ணன் என்றொரு பாத்திரம் வரவேண்டும். எனக்கு அவனைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருப்பவன், அதனால் மாலையில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. அவனை இன்னும் கொஞ்சம் நல்லவனாக எழுதிப் பார்த்தேன், கதை ஒட்டவில்லை. அவன் நான்தான்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பேச்சு போய்விட்டது. இடது பக்கம் போய்விட்டது. வலது கை மட்டும் நாற்காலியின் கைப்பிடியில் கிடக்கும். கூப்பிட்டால் திரும்பமாட்டார். அவருக்கு இனி ஒன்றும் புரியாது என்று மருத்துவர் சொன்னார், நான் அதை உடனே நம்பினேன். நம்பியதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் காலியாகப் போகிறது, ஒரு வாரம் கழித்து வருகிற திங்கட்கிழமை வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். தங்கை போடவில்லை. போன மாதம் அவள் விடுமுறையில் வீட்டிலிருந்தபோது தற்செயலாக அந்த ரயில் ஓடியதாம், அப்பாவின் கை எழுந்ததாம்.

“ஒரு வாரம் குடுண்ணா. நான் ரயிலைப் போடறேன், நீ அவர் கையை மட்டும் பாரு. ஒண்ணும் இல்லன்னா நானே கையெழுத்துப் போடறேன்.”

அப்பா ரயில்வே கேட் கீப்பர். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். (மூன்றாம் பகுதி வரை ஒளித்துவைப்பது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம்.)

4

திங்கள். முதல் பச்சைப் புள்ளி: எட்டு மணிக்குச் சற்று முன் ரயில் ஓடியது. கை கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. தசை துடித்திருக்கும் என்று குறித்துவைத்தேன்.

செவ்வாய். ரயில் ஓடியது. நான் பார்க்கவில்லை. ‘மாலை வெயில் ஜன்னல் வழியே’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். தங்கையிடம் ஒன்றும் அசையவில்லை என்று சொன்னேன்.

(இந்த வரியை மூன்று முறை அடித்தேன். மூன்று முறை திரும்ப எழுதினேன். இருக்கட்டும்.)

புதன். இருபது வருடத்தில் ஒரு விநாடி பிசகாத என் தங்கை அன்று அரை நிமிடம் பிசகினாள். நாட்டிய நிகழ்ச்சியின் அட்டையில் இருபத்தெட்டரை நிமிடம் என்றிருந்ததை இருபத்தெட்டு என்று எடுத்து எழுதிவிட்டாள். எட்டு மணிச் செய்தி யாருக்காகவும் காத்திருக்காது. அரை நிமிடம் பாக்கி இருக்கும்போதே ரயிலை வெட்டிவிட்டார்கள். பாதிப் பெட்டியோடு படம் மறைந்து செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னார்.

அப்பா குரல் கொடுத்தார். ஐந்து மாதத்தில் முதல் சத்தம், தொண்டையின் அடியிலிருந்து. வலது கை கைப்பிடியை அழுத்திப் பிடித்திருந்தது. நான் பதறிப்போய் டிவியை அணைத்தேன், சத்தம் கூடியது. மறுபடி போட்டேன், அடங்கியது. கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டார். கண் மட்டும் திரையை விட்டு அகலவில்லை. தங்கையை அலுவலகத்துக்கே ஃபோன் போட்டுத் திட்டினேன், உன் சோதனையால் அவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்றேன். அவள் என் திட்டைக் காதில் வாங்கவே இல்லை.

“கடைசிப் பெட்டி போகலல்ல?”

போகவில்லை என்றேன்.

“அண்ணா, அவர் கேட்டை மூடி வச்சுக்கிட்டு நிக்கிறாரு.”

5

விளக்கம் தேவை. (அந்தப் புதன்கிழமை வரை எனக்கே தேவைப்பட்டது.) ரயில் போனதும் கேட்டைத் திறந்துவிட முடியாது. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கைக் கண்ணால் பார்க்கவேண்டும். அது வரவில்லை என்றால் பெட்டிகள் வழியிலேயே கழன்று தண்டவாளத்தில் நிற்கின்றன என்று பொருள். எந்த நேரமும் உருண்டு வரலாம். பார்த்த பிறகு பச்சைக் கொடியைக் காட்டவேண்டும், அப்புறம்தான் கேட். இந்தப் பக்கம் சைக்கிளோடு நின்று எத்தனை பேர் அப்பாவைத் திட்டியிருக்கிறார்கள் தெரியுமா? அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். சொந்த அப்பன் மூடிய கேட்டால் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வியாழன். பிரதமரின் நேரலை உரை, யாருக்காகவும் காத்திருக்காத செய்தியையே காக்கவைத்து எட்டரை வரை இழுத்தது. இடைவெளியே இல்லை. அப்பா உரையைப் பார்த்தார், அதன் பின் செய்தியைப் பார்த்தார், கச்சேரியைப் பார்த்தார். எதையும் பார்க்கவில்லை, அந்த ரயிலின் மிச்சத்துக்காகக் காத்திருந்தார். தண்ணீர் மட்டும் இரண்டு மடக்கு இறங்கியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பயமும் வெட்கமும் மாறி மாறி வந்தன. இந்த மனிதருக்கு ஒன்றும் புரியாது என்றா கையெழுத்துப் போட்டேன்?

வெள்ளி. வினாடி வினா நடத்துபவரின் முன்னுரையை மொத்தமாக வெட்டி எறிந்துவிட்டுத் தங்கை தொண்ணூற்று நான்கு விநாடியையும் முழுசாகப் போட்டாள். எஞ்சின் வந்தது. பெட்டிகள் வந்தன. நான் திரையைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். சக்கரச் சத்தம் மாறிக் கடைசிப் பெட்டி தாண்டியபோது அந்தக் கை கைப்பிடியிலிருந்து நான்கு விரல் உயரம் எழுந்தது, விரல்கள் ஒரு கம்பைப் பிடித்தது போல மடங்கின, அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. அப்பா பின்னால் சாய்ந்து வாயைத் திறந்தார். கஞ்சிக்கு.

நான் எழுந்து நின்றுவிட்டேன், ஏனென்று தெரியாது. அந்த நிமிடத்தில் நாடு முழுக்க எத்தனையோ வீடுகளில் அந்த ரயில் ஓடியிருக்கும், எவ்வளவோ பேர் தண்ணீர் குடிக்கப் போயிருப்பார்கள். ஒரு மகள் ஒரே ஒரு ஆளுக்காக அத்தனை வீடுகளின் வழியாகவும் ஒரு ரயிலை ஓட்டினாள் என்பது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இதைவிடப் பெரிய அதிசயம் எதையும் நான் பார்த்ததில்லை.

6

இனி முடிவு. ஒன்று: அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். (பொய். கூப்பிடவில்லை.) இரண்டு: ஞாயிற்றுக்கிழமை ரயில் முடிந்ததும் அவர் கண் மூடி

(இதை எழுத எனக்கு எப்படி மனம் வந்தது?)

மூன்றாவது, முடிவே சொல்லாமல் நிறுத்திவிடுவது. அதைத்தான் செய்வதாக இருந்தேன், பத்திரிகைக்காரர்களுக்கும் அது பிடிக்கும். ஆனால் ஒரே ஒரு பெட்டிக்காக ஒரு மனிதர் நாற்பத்தெட்டு மணி நேரம் காத்திருந்ததைப் பார்த்துவிட்டேன். இனி யாரையும் பாதிப் பெட்டியோடு நிற்கவைக்க என்னால் முடியாது.

ஆகவே: திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இல்லத்திலிருந்து ஃபோன் வந்தது, வண்டி கிளம்பட்டுமா என்று. அப்பா வரமாட்டார் என்றேன். வேறு இடம் பார்த்துவிட்டீர்களா என்று கேட்டார்கள்.

“இல்லைங்க,” என்றேன். “டியூட்டியில இருக்காரு.”

சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டீர்கள். கேட்டைத் திறக்கிறேன். அவருக்கு என்னையும் தெரிகிறதா என்ற கேள்வி மட்டும் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. போய்ப் பார்க்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. நீங்கள் முன்னால் போங்கள்.