ஏற்றத்தில் இறங்கிய முள்

ஸஹ்லேயிலிருந்து பெய்ரூட் பள்ளிக்குப் போக வதாத் டீச்சர் வாரத்தில் நான்கு நாள் மலையைத் தாண்ட வேண்டும். முரைஜாத் ஊரைக் கடந்து ஏற்றம் கடுமையாகும் இடத்தில் காருக்கு இழுவை செத்துவிடும். பெடலைத் தரையோடு மிதித்தாலும் மாட்டு வண்டி வேகம்தான். போன வாரம் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் மெக்கானிக் பிளக்குகளை மாற்றினான். இரண்டாமவன் பெட்ரோல் பம்பையே மாற்றினான். குறை அப்படியே இருந்தது. மூன்றாவதாக வந்து சேர்ந்த இடம் நவூமின் பட்டறை.

"கார் நல்லாத்தான் இருக்கு டீச்சர். எங்க தெருவுல குதிரை மாதிரி ஓடுது. உங்க காலுதான் பயந்துபோய் பெடலை விட்டுடுது."

"காலு பயப்படுறது நிஜம்தான் மேஸ்திரி. ஆனா கார் படுத்த அப்புறம்தான் பயப்படுது. நீங்களே வந்து பக்கத்துல உக்காந்து பாருங்க. இல்ல, உங்களுக்கும் பயமா?"

நவூமுக்குச் சுருக்கென்றது. என்ஜினுக்குப் பெட்ரோல் போகும் இடத்தில் ஓர் அழுத்தமானியின் குழாயை மாட்டி, பானெட் இடுக்கு வழியாக இழுத்து, உள்ளிருந்து முள் தெரியும்படி மானியை முன்கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினான்.

"என்ஜினுக்குப் பெட்ரோல் ஒழுங்கா வந்தா முள்ளு மூணுல நிக்கும். நீங்க பொய் சொன்னாலும் இது சொல்லாது."

மத்தியானம் கிளம்பினார்கள். முரைஜாத்தைத் தாண்டும்போதே பனிமூட்டம் இறங்கிவிட்டது. நவூம் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தான். முள் மூன்றில் நின்றது. வளைவு திரும்பி ஏற்றம் நிமிர்ந்ததும் முள் நடுங்கியது. இரண்டு. ஒன்றரை. கார் விக்கியது. நவூமின் வாய் அசைவதை நிறுத்தியது.

"காலை எடுக்காதீங்க!"

"எடுக்கல! மிதிச்சுக்கிட்டுதான் இருக்கேன், குனிஞ்சு பாருங்க!"

குனிந்து பார்த்தான். அவள் செருப்பு தரையோடு ஒட்டிக் கிடந்தது. கார் ஒரு குலுக்கலோடு நின்றது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஒதுங்க ஓர் அடி கூட இல்லை. பின்கண்ணாடியில் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் எங்கோ ஒரு லாரி உறுமிக்கொண்டு ஏறி வந்தது.

"மாதாவே!" என்றவன் சிலுவை போட்டுக்கொண்டு, சட்டையைக் கழற்றியபடியே இறங்கிப் பின்பக்கம் ஓடினான். பத்து அடியில் பனி அவனை விழுங்கிவிட்டது.

வதாத் கைபிரேக்கை இழுத்தாள். சீட் பெல்ட்டைக் கழற்றப் பார்த்தாள். ஹாரன் நீளமாக அலறியது. டயர்கள் தேயும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அவன் செத்துவிட்டான் என்று நினைத்தாள். 'நான்தான் சீண்டிக் கூட்டிவந்தேன்.'

"நடுரோட்டுல சட்டையை ஆட்டிக்கிட்டு நிக்கிறியே, இங்கென்ன கல்யாண ஆட்டமா நடக்குது!" என்று ஒரு லாரிக்காரனின் குரல் வெடித்தது. அந்த வசவு அவள் காதில் தேனாக விழுந்தது.

நவூம் திரும்பி வந்தபோது உதடு வெளுத்திருந்தது. லாரி அவனுக்கு இரண்டு முழத்தில் நின்றதாம். சட்டையை மாட்டிக்கொண்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றான். கார் உடனே உயிர் பெற்றது. முள் மூன்று.

"நிறுத்திவெச்சா சரியாகுது," என்று முனகினான். "அப்ப டேங்க்குக்குள்ள ஏதோ இருக்கு. பம்பு இழுக்கிறப்போ வந்து வாயை அடைக்குது, நின்னா விலகிடுது."

லாரிக்காரன் பின்னால் வரும் வண்டிகளை மறித்து நிற்க, காரைத் திருப்பி இறங்கினார்கள். வழி நெடுக நவூம் கதவுப் பிடியை விடவே இல்லை.

பட்டறையில் பின்சீட்டைத் தூக்கி, அதன் அடியில் இருந்த டேங்க்கிலிருந்து பம்பை வெளியே எடுத்தான். அதன் வாயில் எதுவும் இல்லை. நவூம் விடவில்லை. பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு விளக்கைக் காட்டி, கம்பியால் துழாவினான். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பைத் துண்டு சிக்கி வந்தது. பெட்ரோலில் போட்டால் கண்ணுக்கே தெரியாத மெல்லிசு.

வதாத் அதையே பார்த்தாள். நாடெங்கும் பெட்ரோல் தட்டுப்பாடு வந்த ஒரு கோடையில், கேனிலிருந்து டேங்க்கில் ஊற்றும்போது ஒழுகாமல் இருக்க, கேன் வாயில் பையைச் சுற்றி ஊற்றியது அவளேதான்.

"நான் பண்ணின வேலை மேஸ்திரி."

"ஊரே அப்படித்தான் ஊத்துச்சு. நீங்க சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும், அதான் தப்பு."

மறுநாள் காலை தனியாக ஏறினாள். முரைஜாத், வளைவு, பாறை. கார் இழுத்துக்கொண்டு போனது. ஆனாலும் அவள் கண் சாலையில் பாதி, பின்கண்ணாடியில் பாதி. உச்சியில் ரொட்டிக் கடையோரம் நிறுத்தி நவூமுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு மேஸ்திரி."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு.

"ராத்திரி கண்ணை மூடினா அந்த லாரிதான் டீச்சர். இன்னும் ஒரு வாரத்துக்கு, மேல போனதும் எனக்கு ஒரு போன் போட்டுடுங்க."