காசிலிங்கம் பேசிக் குறைத்த பங்கு

மரக்காணத்திலிருந்து கீழ்புத்துப்பட்டு வரை காசிலிங்கம் குறை சொல்லாத நிலம் கிடையாது. மனைத் தரகர் என்றால் அப்படித்தான். வாங்குகிறவர் பக்கம் நின்றுவிட்டால், திருப்பதி மலையையே காட்டினாலும் "ஏத்தம் ஜாஸ்தியா இருக்குதே" என்று உதட்டைப் பிதுக்குவார். சொன்ன விலையில் கால்வாசியாவது குறையாமல் இடத்தை விட்டு நகரமாட்டார்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் தமிழ்நிலா யோசனை கேட்டாள். புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறவள். சம்பளம் வாங்கத் தொடங்கிய மூன்று வருடத்தில் அப்பாவிடம் அவள் எதையும் கேட்டதில்லை.

"அப்பா, வெண்முத்து சால்ட்ஸ்னு ஒரு சின்னக் கம்பெனி. ஷேர் பதினோரு ரூபா. அத்தன ஷேரையும் வாங்கினாக்கூட நாலரைக் கோடிதான் ஆவுது. ஆனா அவங்க ரிப்போர்ட்டுல, நம்ம ரோட்டோரமா பதினாலு ஏக்கர் சொந்த நெலம் இருக்குதுன்னு போட்டிருக்காங்க."

காசிலிங்கம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "சென்ட்டு ஒரு லட்சம்னு வெச்சாலும் பதினாலு கோடிம்மா!"

"அதாம்ப்பா. எவனும் கவனிக்கல. நீ போயி நெலத்த மட்டும் பாத்துட்டு வா. நல்லாருந்தா என் சேமிப்பு ரெண்டே முக்கா லட்சத்தையும் போட்டுடறேன்."

காசிலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பார்த்துவிட்டு மட்டும் வந்திருந்தால் வம்பில்லை. ஆனால் பெற்ற மகளுக்குச் சொன்ன விலைக்கே வாங்கிக் கொடுத்தால் தரகனுக்கு என்ன மரியாதை? பங்குக்கு ஒரு ரூபாயாவது குறைத்தே தீருவது என்று முடிவு கட்டிக்கொண்டார். பங்கின் விலையைக் கம்பெனி வாசலில் போய்ப் பேசிக் குறைக்க முடியாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் போய் இறங்கினார். பாத்தி பாத்தியாக உப்பளம், கீற்று போட்டு மூடிய நாலு உப்புக் குவியல், ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. கேட்டைத் திறந்துவிட்டவர் பெயர் பலராமன். அவரே உள்ளே ஓடிப்போய், மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "வாங்க, என்ன விஷயம்?" என்றார்.

"ஷேர் வாங்கலாம்னு வந்தேன். பதினோரு ரூபான்னு சொன்னாங்க. எடத்தப் பாத்தா அவ்ளோ பெறாது போல இருக்குதே."

பலராமனுடைய இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஷேர் வாங்க நேரில் வந்தவர் எவருமில்லை. ஃப்ளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

காசிலிங்கம் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "தண்ணி உப்புக் கரிக்குது."

"சார், இது உப்புக் கம்பெனி."

"இருக்கட்டும். வாங்கறவன் அதையெல்லாம் பாப்பான் இல்ல? மண்ணப் பாத்தேன், ஒரு புல்லு மொளைக்கல. மழ பேஞ்சா தண்ணி நிக்கும்."

"நிக்கத்தான் சார் பாத்தி கட்டியிருக்கோம்."

"அதத்தான் நானும் சொல்றேன். நிக்குது."

பலராமன் முகம் தொங்கிப்போனது. அவருடைய கை மேசைக்கடியில் செல்போனை என்னவோ செய்துகொண்டிருந்தது. காசிலிங்கத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது.

"அப்பா! பத்து அறுபதுக்கு வந்துடுச்சு! என்னப்பா பண்ற அங்க?"

"பேசிக்கினு இருக்கேம்மா," என்றார் காசிலிங்கம் கம்பீரமாக.

கணக்குப் படித்த பெண், நியாயமாகச் சிரித்திருக்க வேண்டும். ஆனால் வாங்க நினைத்த பொருளின் விலை கண்ணெதிரே விழும்போது யாருக்குப் புத்தி வேலை செய்கிறது? "நிறுத்தாதப்பா, பேசு, பேசு," என்றாள்.

காசிலிங்கம் பேசினார். தென்மேற்கு மூலை தாழ்ந்து கிடப்பது ஆகாது என்றார். விலை பத்து முப்பது என்று மகளிடமிருந்து போனில் செய்தி வந்தது. கடல் காற்றில் கேட்டு துருப்பிடித்துவிட்டது, இதே காற்றுதானே கம்பெனிக்கும் என்றார்; பத்து ரூபாய். இத்தனை சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஒரு வியாபாரத்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. இத்தனை காலம் மனைத் தரகில் வீணாகிவிட்டோமே என்றுகூடத் தோன்றியது.

கடைசியாக, எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற போடு ஒன்றைப் போட்டார். "அது போவட்டும். பட்டா ஒங்க பேர்ல இல்லியாமே? கேள்விப்பட்டேன்."

பலராமன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். வேர்த்துக் கொட்டியது. "யார் சார் சொன்னது?"

காசிலிங்கம் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். "யாரும் சொல்லல. சும்மா கேட்டேன்."

"குத்தகை எடம் சார். தொண்ணூத்தொம்பது வருஷம். போன பங்குனியோட முடிஞ்சிபோச்சு. ரிப்போர்ட்டுல சொந்த நெலம்னு எப்பவோ யாரோ போட்டது, அப்படியே வருஷா வருஷம் அச்சாவுது. நேர்ல வந்து கேட்ட மொத ஆளு நீங்கதான். விஷயம் வெளிய தெரிஞ்சிபோச்சுன்னு நெனச்சித்தான், நீங்க பேசப் பேச, எங்கிட்ட இருந்த ஷேரையெல்லாம் வித்துக்கினு இருக்கேன்."

அதற்குள் போன் மறுபடி அடித்தது.

"ஒம்பது எண்பது! போதும்ப்பா. ஆர்டர் போடறேன்."

"போடாத! பட்டா இல்லம்மா! நெலமே அவங்களுது இல்ல!"

தமிழ்நிலா சிரித்தாள். "சூப்பர்ப்பா. அவரு காதுல விழட்டும், இன்னும் சத்தமா சொல்லு."

"நெஜமாத்தான் சொல்றேன் தமிழு."

"ஆமாமா, நெஜம்தான். வாங்கப் போயி, நீ பட்டா இருக்குதுன்னு சொன்ன எடம் எது?"

"உம்மேல சத்தியம்மா."

"போன மாசம் கிளியனூர் பார்ட்டிகிட்டயும் எம்மேலதானப்பா சத்தியம் பண்ண?"

காசிலிங்கம் தொழில்முறையில் சொன்ன பொய்கள் யாரையும் சாகடித்ததில்லை என்றே இதுநாள்வரை நினைத்திருந்தார். கையில் இருந்த ஒரே உண்மையை விற்க முடியவில்லை. மறுமுனையில் அவள் பொத்தான்களைத் தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று வருடச் சேமிப்பு.

பிறகு ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, விற்கிறவர் பக்கம் நிற்கும் நாட்களில் மட்டும் எடுக்கிற குரலை எடுத்தார்.

"தங்கமான எடம்மா," என்றார். "கெழக்க பாத்த மண்ணு. தண்ணி எளநியாட்டம் இருக்குது. மூலப் பத்திரத்துலருந்து எல்லாம் கிளியரு, ஒரு வில்லங்கம் கெடையாது. நாலு பேரு அட்வான்ஸோட நிக்கறாங்க, நமக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்காங்க. இத விட்டா அமையாது. கண்ண மூடிக்கினு வாங்கலாம்."

பலராமன் கண்கலங்கிப்போனார். "நம்ம எடத்த ஒருத்தர் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல சார்," என்றவர், விற்றதைத் திரும்ப வாங்கப் போனைத் தேடினார்.

மறுமுனையில் தட்டுகிற சத்தம் நின்றது.

"அவ்ளோ மோசமாப்பா?" என்றாள் தமிழ்நிலா.