பால்கட்டு

ஒலிப்பதிவில் குழந்தை அழத் தொடங்கியதும் அவள் விசையை அழுத்தி நிறுத்தினாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு முன்கையை மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அப்படி அழுத்தினால் பால் வடிவது நிற்கும் என்று பிரசவ வார்டு நர்ஸ் சொல்லியிருந்தார். சில நேரம் நின்றது. இன்று உள்ளே மடித்து வைத்திருந்த கைக்குட்டை நனைந்துவிட்டது. சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு மீண்டும் கேட்கத் தொடங்கினாள்.

பதிவில் பேசிய பெண் ஓட்டலில் பாத்திரம் கழுவியவர். "வயித்துல இருந்தப்போ ஒண்ணும் சொல்லலீங்க. கைக்கு வந்தப்புறம்தான் நாளையிலேருந்து வராதேன்னாங்க."

அவள் அதை அப்படியே தட்டச்சு செய்தாள். வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு அரசு என்ன செய்கிறது என்பது பேராசிரியையின் ஆராய்ச்சி. பேட்டிகளை எழுத்தாக்குவது அவள் வேலை. தற்காலிக வேலை என்பதால் பிரசவ விடுப்பு கிடையாது. பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பி வந்த முதல் நாளே, பதிவுகளை வீட்டுக்கு எடுத்துப்போய் அடிக்கலாமா என்று கேட்டிருந்தாள்.

"உங்களுக்காக நானும் யோசிச்சுப் பார்த்தேம்மா," என்றார் பேராசிரியை. "ஆனா இது அவங்க நம்மளை நம்பிச் சொன்னது. இந்த ரூமைத் தாண்டாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோமே."

அந்த உறுதிமொழியைத் தட்டச்சு செய்ததும் அவள்தான்.

குழந்தை புட்டிப்பாலை நாக்கால் வெளியே தள்ளியது. போன வாரம் எடை பார்த்த நர்ஸ், ஏறவே இல்லை, பகலில் ஒரு தடவையாவது தாய்ப்பால் கொடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதனால் சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார் குழந்தையைப் பல்கலைக்கழக வாசலுக்குத் தூக்கி வருவாள். சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவள் பால் கொடுப்பாள். பிறகு நாத்தனார் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சோப்புக் கம்பெனியில் பெட்டி அடுக்கப் போக வேண்டும். ஒரு பஸ்ஸை விட்டால் அரைநாள் கூலி போய்விடும்.

"உங்க மேடம் பொம்பளைங்க கஷ்டத்தைத்தானே எழுதறாங்க?" என்று நேற்று கேட்டாள் நாத்தனார். "என் பேரையும் ஓரமா போட்டுக்கச் சொல்லுங்க அண்ணி. பெறாமலே இடுப்பு ஒடிஞ்சவன்னு."

"உனக்கு வாய் நீளம்."

"உங்க பிள்ளைக்கு அதைவிட நீளம். ராத்திரி தெருவே எழுந்து உட்கார்ந்திருச்சு."

இன்று சாப்பாட்டு நேரத்துக்கு எழுந்தபோது பேராசிரியை கதவருகே வந்து நின்றார். கையில் பதிவுக் கருவி இருந்தது.

"ஒரு உதவி வேணுமேம்மா. தற்காலிக வேலை பார்க்கற, கைக்குழந்தைக்காரங்க நம்ம பேட்டிக்குக் குறையறாங்க. இத்தனை நாள் பக்கத்துலயே வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேன். பத்தே நிமிஷம். சாயந்திரம் நான் வெளியூர் கிளம்பறேன்."

"குழந்தை வந்திருக்கும் மேடம்..."

"சீக்கிரம் முடிச்சிடலாம். ஆனா கட்டாயமே இல்லை. வேண்டாம்னா தாராளமா சொல்லிடுங்க."

மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லி எழுத வேண்டியவர் பேராசிரியை. அவள் உட்கார்ந்தாள்.

பேராசிரியை பொறுமையாகக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. கணவருக்கு என்ன வேலை, சமையல் யார், குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக வந்தது. அவள் பையிலிருந்த போன் அதிர்ந்து அடங்கியது. மறுபடி அதிர்ந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்ததால் அவள் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"தாய்ப்பால் கொடுக்கறீங்களா?"

"கொடுக்கறேன் மேடம்."

"வேலை பார்க்கற இடத்துல அதுக்கு நேரம் தர்றாங்களா?"

ஜன்னல் வழியே சைக்கிள் கொட்டகையின் தகரக் கூரை தெரிந்தது.

"தர்றாங்க மேடம். சாப்பாட்டு நேரத்துல."

"நல்லது," என்று குறித்துக்கொண்டார் பேராசிரியை. இன்னும் சில கேள்விகள் இருந்தன.

அவள் படியிறங்கி ஓடியபோது கொட்டகைக்குப் பின்னால் யாரும் இல்லை. காவலாளி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இப்பத்தாம்மா போச்சு அந்தப் பொண்ணு. இதோட மூணாவது பஸ், இதையும் விட்டா கம்பெனியில உள்ள விடமாட்டான்னு சொல்லிட்டுப் போச்சு. மேலே கூட்டிட்டுப் போகவான்னு கேட்டுச்சு. ஆபீஸ் பக்கம் வெளி ஆளை விடக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு."

"குழந்தை?"

"அழுதுச்சு. அப்புறம் களைச்சுத் தூங்கிருச்சு."

மார்பு கல்லாகக் கட்டியிருந்தது. கையைத் தூக்க முடியவில்லை. பெண்கள் கழிவறையில் வாஷ்பேசின் மேல் குனிந்து, அழுத்திப் பீய்ச்சினாள். முதலில் வரவில்லை. பிறகு மெல்லிய இழைகளாகப் பல திசையில் தெறித்தது. பக்கத்தில் கை கழுவ வந்த ஒரு மாணவி கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சட்டென்று தலை குனிந்துகொண்டாள். இவள் மறு மார்புக்கு மாறினாள். சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்தது. இன்னும் வந்துகொண்டேயிருந்தது. ஒரு கையால் மார்பைப் பிடித்தபடியே மறு கையால் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் வெள்ளையாகவே போய்க்கொண்டிருந்தது.