பதினொரு மணி வராத நாள்

ஒரு செவ்வாய்க்கிழமை மாட்டன்பாக் கிராமத்தில் காலைப் பதினொரு மணி வரவில்லை. ஊரே கைதூக்கி எடுத்த முடிவு என்பதால் யாரையும் குறைசொல்ல வழியில்லை. பாலாடைக்கட்டி முதிரவைத்த பழைய நிலவறையில் ரெகுலா பல வருஷமாக ஒரு விளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வேறு சூரியன்களின் கிரகங்களைப் படம்பிடிக்க விண்வெளியில் கூட்டமாகப் பறக்கப்போகும் தொலைநோக்கிகளுக்கு அது ஒத்திகை. விளக்குதான் நட்சத்திரம், பக்கத்தில் அவள் வைத்த மங்கல் புள்ளி, கிரகம். விளக்கின் ஒளியை இரண்டு கண்ணாடிகளில் வாங்கி, ஒன்றை இம்மியளவு தாமதித்துச் சேர்த்தால் ஒளியும் ஒளியும் மோதி இருட்டாகும், புள்ளி தெரியும். இருட்டு நிலைக்கும் நேரம் பார்த்து, சமையலுக்கு நேரமாச்சு என்று தேவாலயத்தின் பெரிய மணி பதினொன்று அடிக்கும். கண்ணாடி அதிரும், விளக்கு பல்லிளிக்கும். திட்டத்துக்குப் பணம் ஒதுக்க மதிய ரயிலில் வரும் குழுவுக்குப் படம் காட்டாவிட்டால் திட்டத்துக்கே மூடுவிழா. அதனால்தான் ஊர்க்கூட்டத்தில் ஒரே ஒரு நாள் மணியை நிறுத்தச் சொல்லிக் கேட்டாள். மணியடிக்கும் ஊலி மட்டும் கைதூக்கவில்லை.

மணி அடிக்காததால் பதினொன்று வரவில்லை. ரயில் சுரங்க வாயிலிலேயே நின்றது, உருளைக்கிழங்குகள் பாதித் தோலோடு கிடந்தன, பசி மட்டும் வந்துவிட்டது. ஊலி நிலவறைக்கு இறங்கினார்.

"ஏம்மா, வயித்துக்கிட்ட ஓட்டு கேட்டியா நீ?"

"சும்மா நில்லுங்க ஊலி. மூச்சைக்கூட மெதுவா விடுங்க."

விளக்கு அணைந்தாற்போல் மறைந்தது. புள்ளி வந்தது. ரெகுலாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. புள்ளிக்கு அப்பால் இன்னொரு புள்ளியும் இருந்தது.

"அது யாரு?"

"தெரியல. நான் வைக்கல."

ஊலி வெகுநேரம் குனிந்து பார்த்தார். "அசையவே மாட்டேங்குது. நம்மள மாதிரி அவங்களும் பதினொண்ணுக்குக் காத்துக் கிடக்காங்கபோல. பிள்ளகுட்டி இருக்கும்மா அங்க."

படம் பாதிதான் ஆகியிருந்தது. ரெகுலா அதைப் பார்த்தாள், அந்த இரண்டாவது புள்ளியைப் பார்த்தாள்.

"போய் அடிங்க," என்றாள்.

பெரிய மணி அடித்தது. இம்மியளவு தாமதித்து அந்தப் புள்ளியிலிருந்தும் ஒரு மணி அடித்தது. அதிர்வும் அதிர்வும் மோதி நிலவறை அமைதியானது. கண்ணாடி அசையவில்லை, படம் முழுதாக முடிந்தது. இரண்டாவது புள்ளி மெல்ல நகரத் தொடங்கியது. ரயில் வந்தது. குழுவினர் உருளைக்கிழங்கும் உருக்கிய பாலாடைக்கட்டியும் தின்று, திட்டத்துக்குச் சம்மதித்து, வைக்காத புள்ளி எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார்கள்.

"பக்கத்து ஊரு," என்றார் ஊலி. அன்றிலிருந்து பதினொரு மணியைச் சற்றுப் பலமாகவே அடிக்கிறார். அங்கேயும் அடுப்பு மூட்ட வேண்டுமே.