புல்லுக்கு ஹேர் டிரையர்

சலூன்காரருக்கு வாரத்தில் ஆறு நாளும் அடுத்தவன் முடியைக் கூட்டி அள்ளுவதுதான் பிழைப்பு. அதனால், வீட்டு முன்னால் இருக்கும் புல்தரையை வெட்டினால் வெட்டிய புல்லையும் வாரிக் கொட்ட வேண்டும் என்று மனைவி சொன்னபோது அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தாவரவியல் டீச்சரான மச்சினிக்குப் போன் போட்டார்.

"அப்படியே விடலாம் மாமா, மண்ணுக்கு நல்ல உரம். ஆனா..." என்று அவள் இழுப்பதற்குள், "போதும்மா, நீ நல்லா இருப்பே!" என்று வைத்துவிட்டார்.

இரண்டு மாதமாகப் புல் வெட்டும் மெஷினைத் தொடாததில் புல் முழங்காலைத் தொட்டிருந்தது. போதாக்குறைக்கு முந்தின நாள் அடைமழை. மனிதர் அசரவில்லை. ஈரப் புல்லை ஒரே மூச்சில் ஒட்ட வெட்டினார். மெஷின் நாலடிக்கு ஒரு தரம் இருமி, பச்சைக் கட்டிகளாகக் கக்கிக்கொண்டே போனது. தலையணை தலையணையாகக் கிடந்ததை அப்படியே விட்டுவிட்டு மத்தியானத் தூக்கம் போட்டார்.

மூன்றாம் நாள் உரம் நாற ஆரம்பித்தது. கடையிலிருந்து வந்தவரை மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே மறித்தாள்.

"என்னங்க இது, எலி எதாவது செத்துக் கிடக்கா?"

"உரம்டி."

"அப்ப உரத்தோடயே படுத்துக்கங்க."

ஒரு கட்டியைப் புரட்டினார். அடியில் புல் மஞ்சளடித்து, விக்குக்குள் வியர்த்த மண்டை மாதிரி புழுங்கிக் கிடந்தது. மறுபடியும் போன்.

"அதுக்குத்தானே மாமா 'ஆனா'ன்னேன்! ஈரமில்லாதப்ப, கொஞ்சம் கொஞ்சமா வெட்டினாத்தான் விடலாம். கட்டியா கிடந்தா அடியில இருக்கிற புல்லுக்கு மூச்சு முட்டிடும். பாதியை எடுத்துட்டு மிச்சத்தை உதறிக் காய விடுங்க."

வானமோ மூட்டம். அதற்கெல்லாம் காத்திருக்க அவரால் முடியாது. மறுநாள் கடையின் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து, ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து புல்லுக்கு அடிக்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் மதில்மேல் கை வைத்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, நடு வகிடா, சைடு வகிடா?"

"முதல்ல உங்க தலையில எதாவது முளைக்கட்டும். அப்புறம் பேசலாம்."

டிரைவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே உள்ளே போனார்.

ஒரு தட்டு அளவுக்குக் காய்வதற்குள் டிரையர் கருகிப்போனது. இப்போது இரண்டு நாற்றம். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளே இரண்டு சாக்கைக் கொண்டுவந்தாள். பாதியை வாரி எலுமிச்சை மரத்தடியில் பரப்பினார்கள். மீதியை விளக்குமாற்றால் உதறிவிட்டார்கள். அடுத்த நாள் வெயில் வந்தது. காய்ந்ததன்மேல் மெஷினை ஓட்டியதும் தூள் தூளாகி, ஒரே வாரத்தில் இருந்த இடம் தெரியாமல் போனது.

இப்போது கடைக்கு லீவான செவ்வாய் தவறாமல் நுனியை மட்டும் வெட்டுகிறார். வெட்டியது விழுந்த இடத்திலேயே கிடக்கிறது, யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. மஞ்சள் திட்டுகளும் ஒவ்வொன்றாகப் பச்சையாகிவிட்டன. வாசலுக்கு நேரே ஒன்று மட்டும் பிடிவாதமாக முளைக்க மறுக்கிறது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டிருக்கிறார். மச்சினி வந்தால் இவர் அதில் போய் உட்கார்ந்துகொண்டு, இடுப்புப் பிடிப்பு என்று சொல்லி எழுந்திருப்பதே இல்லை.